சிவப்பு காலிபரா, புது பிரேக் ஆயிலா? மலை ஏறும் முன் உங்கள் காருக்கு எது உண்மையான அப்கிரேடு?

மே மாதம் பிறந்துவிட்டால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா? தேதி குறித்து, ரூம் போட்டு, பாட்டிக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக ஞாபகத்துக்கு வருவது போர்டிகோவில் நிற்கும் கார்.

“வண்டி கண்டிஷனா இருக்கா?” என்று அம்மா கேட்பார்.

“போன வாரம்தானே வாட்டர் வாஷ் பண்ணேன்” என்பார் அப்பா.

அந்த நேரத்தில்தான் காலேஜ் படிக்கும் மகன் மொபைலை நீட்டுவான். “அப்பா, பிரேக்கை அப்கிரேடு பண்ணிடலாம்பா. சிவப்பு கலர் காலிபர், ஓட்டை போட்ட டிஸ்க். செம லுக்கா இருக்கும். ஆன்லைன்ல வாங்கி வீட்லயே மாட்டிடலாம். வீடியோ எல்லாம் இருக்கு!”

இந்த மூன்று பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அம்மாதான். ஆனால், மகன் சொல்வதையும் அப்படியே தள்ளிவிட வேண்டியதில்லை. பத்து வருடம் ஓடிய ஒரு ஹேட்ச்பேக் காரின் பிரேக்கை நிஜமாகவே மேம்படுத்த முடியும். அதில் ஒரு பகுதியை வீட்டு வாசலிலேயே செய்யவும் முடியும். எதை மாற்றினால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், எதை மாற்றினால் வெளியே பார்க்க மட்டும் அழகாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

70 லிட்டர் வெந்நீர்!

பிரேக் என்ன வேலை செய்கிறது? காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கிறது. உரசலில் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை டிஸ்க் வாங்கிக் காற்றில் விடுகிறது.

ஊரில் ஓட்டும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு சிக்னலில் நின்று அடுத்த சிக்னல் வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். மலையில் கதையே வேறு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரமான மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். அப்படியானால், இறங்கும் உயரம் 1,900 மீட்டருக்கும் மேல். ஐந்து பேரும் அவர்களின் பெட்டி படுக்கையும் ஏறிய சின்ன காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரணத் தண்ணீர் 70 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது.

இதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். ஒரு பங்கை டயர் வாங்கிக்கொள்ளும். சரியான கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் உங்கள் வலது கால் வழியாக பிரேக்குக்குத்தான் போகிறது. வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக், வளைவு முடிந்ததும் மறுபடி இறக்கம். டிஸ்க்குக்கு ஆற நேரம் ஏது?

பிரேக் கைவிடுவது இரண்டு விதம்

‘மலையில் பிரேக் பிடிக்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. வித்தியாசம் தெரிந்திருந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதல் வகை, பெடல் கல் மாதிரி இருக்கும், ஏறி மிதித்தாலும் வண்டி வேகம் குறையாது. கருகிய நாற்றம் வரும். இது பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, உரசும் திறனை இழந்த நிலை.

இரண்டாவது வகை, பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று உள்ளே போகும். சில நேரம் தரை வரைக்கும் போய்விடும். இது பிரேக் ஆயில் கொதித்ததால் வருவது. இரண்டில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஏன்? நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் இந்த முனையில் கொடுக்கும் அழுத்தம் அந்த முனையில் அப்படியே கிடைக்கும். ஆனால், திரவம் கொதித்துக் குமிழி வந்துவிட்டால்? குமிழியை அழுத்திச் சுருக்க முடியும். நீங்கள் மிதிக்கும் மிதி முழுக்கக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பேட் வரைக்கும் ஒன்றும் போய்ச் சேராது.

முதல் அப்கிரேடு: பிரேக் ஆயில்

இன்ஜின் ஆயிலை ஞாபகமாக மாற்றும் பலர் பிரேக் ஆயிலைக் கண்டுகொள்வதே இல்லை. ‘அது அப்படியேதானே இருக்கு, குறையவே இல்லையே’ என்று நினைக்கிறோம். ஆனால், பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. திறந்து வைத்த உப்பு ஈரத்தை இழுப்பதுபோல, அதுவும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடிய அமைப்புக்குள் இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும்.

ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். தர நிர்ணயப்படி ‘டாட் 3’ ரக ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரியாகிவிடுகிறது. ‘டாட் 4’ ரகத்துக்குப் புதிதில் 230 டிகிரி, ஈரமேறிய பிறகு 155 டிகிரி. ‘டாட் 5.1’ ரகத்துக்கு 260 மற்றும் 180.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். பழைய டாட் 4 ஆயிலைவிடப் புது டாட் 3 ஆயிலே 50 டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது. அதாவது, விலை உயர்ந்த ரகத்துக்கு மாறுவதைவிட, இருப்பதைப் புதிதாக மாற்றுவதுதான் பெரிய லாபம். பல கார் தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் பில்லைப் புரட்டிப் பாருங்கள். பில்லிலேயே இல்லை என்றால், இந்த வருட டூருக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். செலவு சில நூறு ரூபாய் ஆயிலும் மெக்கானிக் கூலியும்தான்.

எந்த ரகம் ஊற்ற வேண்டும் என்பது ஆயில் டப்பா மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை மீற வேண்டாம். குறிப்பாக, ‘டாட் 5’ என்பது சிலிக்கான் வகை. பெயரில் 5.1 மாதிரி தெரிந்தாலும் அது வேறு, இது வேறு. மற்ற ரகங்களோடு கலக்கவே கூடாது. அதேபோல, போன வருடம் திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டில் அலமாரியில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

ஆயிலை வீட்டில் மாற்றலாமா? மாற்றும்போது லைனுக்குள் காற்று போய்விடக் கூடாது. போனால் மெக்கானிக்குகள் சொல்வதுபோல ‘ஏர் எடுக்க’ வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் திருகைத் திறந்து மூட, டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் அதன் உள்ளே சிக்கிய காற்றை எடுக்கத் தனி ஸ்கேனர் கருவி தேவைப்படும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது அப்கிரேடு: பேட்

முன்சக்கர டிஸ்க் பிரேக்தான் காரை நிறுத்துவதில் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதே காரணம். அதனால் முன் பேட் நன்றாக இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

பேடில் உரசும் பகுதி பொதுவாக 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டு ‘கீச்’ என்று கத்தும். மியூசிக் சவுண்டைக் கூட்டிவிட்டு ஓட்டினால் இந்தச் சத்தம் காதில் விழாது. வாரத்தில் ஒரு நாளாவது பாட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கி, பிரேக் பிடித்துக் கேளுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பேட் தேயத் தேய டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். ‘ஆயில் குறைஞ்சிருந்தது, ஊத்திட்டேன்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. மட்டம் இறங்கினால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. எது என்று பார்க்காமல் ஊற்றுவது, ஜுரத்துக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை போடுகிற மாதிரி.

நல்ல பேடுக்கு எங்கேயும் தேடி அலைய வேண்டியதில்லை. பிரேக் பாகங்கள் தயாரிப்பில் சென்னைக்கே பெரிய பெயர் உண்டு. 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, பிரேக் லைனிங் தயாரிக்கும் சுந்தரம், ரானே நிறுவனங்கள் என எல்லாமே இந்த ஊரில் வேர்விட்டவை. கார் கம்பெனியின் ஒரிஜினல் பேட், அல்லது கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் பேட் போதும். பில்லோடு வாங்குங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். ரேஸ் கார்களுக்கான பேட் வேண்டவே வேண்டாம். அது நன்றாகச் சூடான பிறகுதான் சரியாகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும் காருக்கு அது ஆகாது.

வீட்டில் பேட் மாற்றுவது எப்படி?

ஸ்டெப்னி மாற்றிப் பழகியவர், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தவர் என்றால் முன் பேட் மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான். முதல் முறை மட்டும், செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை முதலில் படியுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் முறை இதுதான்:

1. சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

2. ஜாக்கியில் தூக்கியதும், மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் கல் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. அவை நொடியில் நொறுங்கிவிடும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. ஒரு நேரத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் மற்ற பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள்.

4. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, துணியால் துடையுங்கள்.

5. காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் காலிபர் கதவு மாதிரி மேலே திறக்கும். முழுக்கக் கழற்றும் வகை என்றால், அதைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

6. பழைய பேட்களை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் தேய்ந்திருந்தால், காலிபர் நகரும் கைட் பின் இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து, அதற்கென உள்ள பிரேக் கிரீஸ் தடவுங்கள். பேடின் உரசும் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் படக் கூடாது.

7. டிஸ்க்கைத் தடவிப் பாருங்கள். ஆழமான கோடு, விரிசல், ஓரத்தில் பெரிய விளிம்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

8. புதுப் பேட் தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக இறுக்குங்கள். அப்போது டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். நிரம்பி வழிந்தால் பெயின்டை அரித்துவிடும். ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

9. புதுப் பேட்களைப் பொருத்தி, காலிபரை மூடி, போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். குத்துமதிப்பாக இறுக்குவது இங்கே வேண்டாம். பிறகு அடுத்த பக்கம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பத்து செகண்ட் வேலை... மறந்தால் ஆபத்து!

எல்லாம் முடிந்தது. சக்கரம் மாட்டியாயிற்று. ‘ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்’ என்று சாவியைத் திருகும் முன் நில்லுங்கள்.

நீங்கள் பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். அதற்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இப்போது முதல் முறை பெடலை மிதித்தால் அது தரை வரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. அதனால், வண்டியை நகர்த்தும் முன், நிறுத்திய இடத்திலேயே பெடலைப் பல முறை மெதுவாக மிதித்து, அது கெட்டியாகும் வரை காத்திருங்கள். கெட்டியாகவே இல்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இதை மறந்து போர்டிகோவிலிருந்து ரிவர்ஸ் எடுத்தால், வண்டி நிற்பது எதிர்வீட்டு காம்பவுண்டு சுவரில்தான்.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழகவும் நேரம் வேண்டும். காலியான சாலையில் சுமார் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வேகம் வரை நிதானமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறைத்து என்று பத்து முறை செய்வது வழக்கம். பேட் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். டூர் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி பேட் மாற்றாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். இரண்டு வாரம் முன்பே மாற்றி, ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.

சிவப்பு காலிபர் என்ன ஆச்சு?

மகன் காட்டிய விஷயத்துக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் சிவப்பு காலிபர்களில் பல, வெறும் மூடிகள். இருக்கும் காலிபருக்கு மேலே மாட்டும் முகமூடி. இதனால் ஒரு அடி முன்னால்கூட வண்டி நிற்காது. சூடு வெளியேறுவதற்கு வேண்டுமானால் இடைஞ்சல் செய்யும். ஓட்டை போட்ட டிஸ்க்கும் அப்படித்தான். தொடர்ந்து கடுமையாகச் சூடானால் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விட வாய்ப்பு உண்டு. குடும்பத்தோடு போகும் காருக்கு ஓட்டையில்லாத டிஸ்க்கே போதும்.

நிஜமான பெரிய டிஸ்க், பெரிய காலிபர் கிட் என்றால்? டிஸ்க் பிரேக்கின் பலம் நிரூபணமான ஒன்று. 1953-ல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் ஜெயித்ததற்கு அதன் டிஸ்க் பிரேக் பெரிய காரணம். பெரிய டிஸ்க் அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதும் உண்மை. ஆனால், காரின் பிரேக் என்பது தனித்தனிப் பாகம் அல்ல, ஒரு கணக்கு. மாஸ்டர் சிலிண்டர் எவ்வளவு ஆயில் தள்ள வேண்டும், முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு, ஏ.பி.எஸ். எப்போது தலையிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கினால் கணக்கு உதைக்கும். பெடல் நீளமாகப் போகலாம். பெரிய டிஸ்க்குக்கு இடம் கொடுக்கப் பெரிய வீல் வேண்டும். வீல் மாறினால் டயரும் மாறும். பழைய பாகக் கடைகளில் பின்பக்க டிஸ்க்கை வாங்கி வந்து ட்ரம் பிரேக்குக்குப் பதிலாக மாட்டுவதிலும் இதே சிக்கல்தான். ஹேண்ட் பிரேக் வேலை செய்யுமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றியமைத்தால், ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. தேய்ந்த பேடை எடுத்துவிட்டு அதே அளவு பேடை மாட்டுவது பராமரிப்பு. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேறு அளவு பாகம் என்றால், வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.

நிறுத்துவது டயர்தான்

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்காக இருந்தாலும், மொட்டை டயர் என்றால் மழை நனைத்த மலைச்சாலையில் சறுக்கத்தான் செய்யும். டயர் பள்ளங்களுக்குள் சின்ன மேடு மாதிரி ஒரு தேய்மானக் குறி இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். காலிபர் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தை டயருக்கு மாற்றிவிட்டால் அது நல்ல அப்கிரேடு.

காசில்லாத அப்கிரேடு

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதற்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

எந்த கியரில் மலை ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். தொடர் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். ஆட்டோமேட்டிக் காரிலும் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கும். கிளம்பும் முன் அது எங்கே என்று பார்த்துவையுங்கள். பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் ஒரு முறை நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இரண்டும் கூடவே கூடாது. இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டருக்குப் பலம். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் இறுகிவிடும்.

கருகிய நாற்றம் வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அகலமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஓடும்போதே பிரேக் கைவிட்டால், பெடலை வேகமாக விட்டு விட்டு மிதித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் இருக்கும் பக்கம் வண்டியை ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன் அம்மா கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

• பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? பில் இருக்கிறதா?

• முன் பேட் எவ்வளவு மிச்சம்? யார் கண்ணால் பார்த்தது?

• பின்சக்கர ட்ரம்மைத் திறந்து பிரேக் ஷூவைப் பார்த்தார்களா? ஹேண்ட் பிரேக் மேட்டில் வண்டியை நிறுத்துகிறதா?

• நான்கு டயரிலும் தேய்மானக் குறி தெரியாத அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா?

• இறங்கும்போது எந்த கியர் என்று ஓட்டுபவருக்குத் தெரியுமா?

ஐந்துக்கும் பதில் வந்துவிட்டால் பாட்டியின் ஸ்வெட்டரை டிக்கியில் வைக்கலாம். மகனுக்கு சிவப்பு கலர் மேல் அவ்வளவு ஆசை என்றால், பேட் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அவனும் உட்காரட்டும். டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் எப்படியும் வேண்டுமே!